சிற்றொலி பேரொலி ஆகும் வகை

ஒலிபெருக்கி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்கி வருகிறோம். திருமணப் பந்தலிலும் தேர்தல் மேடையிலும் கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்டிருக்கும் கூம்புக் குழாயைச் சுட்டி, அதுவே ஒலிபெருக்கி என்கிறோம். அக்குழாயின் தொழிலோ வேறு. தன்னிடம் வந்து சேரும் மின் அலையை ஒலியலையாக மாற்றிக் காற்றில் பரப்புவதே அதன் பணி. பெருக்கும் வேலையைச் செய்வது மேடைக்குப் பின்னால், மைக்செட்காரரின் கைக்கு எட்டும் தொலைவில், மேசை மீது அமர்ந்திருக்கும் பெட்டியாகும். அதனை அவர் ஆம்ப்ளிஃபயர் என்பார். பாடுபவன் ஒருவன், பரிசு பெறுபவன் மற்றொருவன் என்பது போலப் பெட்டி செய்யும் வேலைக்கான பெயரைக் குழாய் பெற்றுக்கொண்டது. இக்கட்டுரையில் பெட்டியைப் பெருக்கி என்றும், ஒலியை வெளியிடும் கருவியை மக்கள் வழக்கையொட்டி ஸ்பீக்கர் என்றும் குறிப்போம். சொல் மயங்கினால் பொருளும் மயங்கும் என்பதைப் பின்னர் நாமே பட்டறிந்தோம்.

தமிழ் கற்பிப்பவர்க்கு ஈயமும் கம்பியும் எதற்கு என்று கேட்கலாம். நாட்டுப்புற இலக்கியத் தாளுக்காக மாணவி ஒருவர் தம் பாட்டியார் பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து வந்தார். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, அக்குரல் மூன்றாம் வரிசையைக் கூடத் தாண்டவில்லை. பதிவு செய்த இரண்டு திங்களில் பாட்டியார் காலமாகிவிட்டார். ஆதலின் மீண்டும் பாடச் சொல்லிப் பதிவதற்கும் வழியில்லை. இருக்கும் பதிவைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அக்குரல் சிதையவும் கூடாது. இத்தேவையே நம்மைச் சிறு பெருக்கி ஒன்றைக் கட்டும் முயற்சியில் ஈடுபடுத்தியது. இயற்பியல் துறை நண்பர்கள் வழிகாட்டினர். பிழைகள் மட்டும் முற்றிலும் நம்முடையவை.

ஒப்புமையும் உவமையும்

நாம் கட்டியது அனலாக் வகைப் பெருக்கி. அச்சொல்லுக்கு ஒப்புமை என்று பொருள் கொள்ளலாம். குரல் எழும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. மைக் அதற்கு ஒப்பாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தருகிறது. காற்று ஒரு நொடியில் இருநூறு முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் இருநூறு முறை அதிரும். அழுத்தம் மெல்ல உயர்ந்தால் மின்னழுத்தமும் மெல்ல உயரும். தொல்காப்பியர் உவமைக்குத் தொழில், பயன், வடிவு, நிறம் என நான்கு அடிப்படைகளைக் கூறுவார். இங்கே அமைவது வடிவு பற்றிய உவமை எனலாம். குரல் பொருள், மின்னலை உவமை. கைப்பேசிக்குள் பாட்டு எண்களாகவே சேமிக்கப்படுகிறது என்பது மெய்யே. ஆயினும் காதில் செருகும் இயர்போனுக்கு அது வரும்போது மீண்டும் ஒப்புமை அலையாக மாறியே வருகிறது. நமக்கு வேண்டியது அந்த அலையே.

அவ்வலை மிகச் சிறியது. இயர்போனை அசைக்கப் போதுமானது; வகுப்பறை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைத் தள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வாறாயின் பெருக்கி அந்தச் சிற்றலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குகிறதா? பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். ஏரி மதகை நினைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மதகின் திருகைச் சுழற்றுபவரின் கைவலிமை வாய்க்காலில் நீராக ஓடுவதில்லை. ஓடுவது ஏரி நீர். ஆனால் எவ்வளவு ஓட வேண்டும், எப்போது மிக வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பதை அக்கையே முடிவு செய்கிறது. பெருக்கியில் ஏரி என்பது மின்கலம். மதகு என்பது ட்ரான்சிஸ்டர். திருகும் கை, பாட்டியாரின் குரலிலிருந்து வந்த சிற்றலை. ஸ்பீக்கரை அசைப்பது முழுவதும் மின்கலத்தின் ஆற்றலே. குரல் அதற்கு வடிவத்தை மட்டும் தருகிறது. எனவே பெருக்கி என்னும் பெயர் கூட முற்றப் பொருந்துவதன்று. சிறியதன் வடிவில் பெரியதை வார்த்துத் தருவது என்பதே சரி. அதற்கு ஒரு சொல் தமிழில் இல்லை. வேறு மொழிகளிலும் நாம் கண்டதில்லை.

இம்மதகின் வரலாறு சுவையானது. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்வாய்களையுடைய வெற்றிடக் குழலை உருவாக்கினார். தொலைதூரத் தொலைபேசியும் வானொலியும் அதனால் வளர்ந்தன. ஆனால் குழல் சூடாகும், உடையும், மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். 1947 திசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் முதல் ட்ரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அந்த விளக்கக்காட்சியில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மனிதப் பேச்சை அதன் வழியே செலுத்தி, குரல் உரக்கக் கேட்பதைக் காட்டினர். கணினி யுகத்தின் விதை எனப் போற்றப்படும் அக்கருவி, பிறந்தபோது நம்முடையதைப் போன்ற குரல் பெருக்கியாகவே பிறந்தது. 1956இல் அவ்விருவர்க்கும் வில்லியம் ஷாக்லிக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இதற்குள் 1952இன் இறுதியிலேயே ட்ரான்சிஸ்டர் பொருத்திய செவித்துணைக் கருவி விற்பனைக்கு வந்திருந்தது.

வேண்டிய பொருள்கள்

தனித்தனி ட்ரான்சிஸ்டர்களைக் கொண்டும் பெருக்கி கட்டலாம். தொடக்கநிலையில் இருப்போர்க்கு எல்.எம். 386 என்னும் ஐ.சி. ஏற்றது. பல ட்ரான்சிஸ்டர்களையும் மின்தடைகளையும் ஒரே சில்லில் அடக்கியது இது. நேஷனல் செமிகண்டக்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் இதனை வடிவமைத்தது. 2011இல் அந்நிறுவனம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. எட்டுக் கால்களையுடைய இச்சிறு கரும்பூச்சி சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி, மாவட்டத் தலைநகரங்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் எளிதிற் கிடைக்கும். பாடநூலில் மின்தடை, மின்தேக்கி என்று படித்த மாணவர், கடையில் ரெசிஸ்டர், கண்டன்சர் என்றே கேட்க வேண்டும். கடைக்காரரைத் திருத்த முற்பட்டால் பொருள் கிடைக்காது.

ஐ.சி.யோடு அதனைச் செருகும் எட்டுக்கால் சாக்கெட் ஒன்று வாங்குக. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்று. 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு. மின்தேக்கிகளில் 220 மைக்ரோ ஃபாரட், 100 மைக்ரோ ஃபாரட், 10 மைக்ரோ ஃபாரட், 0.047 மைக்ரோ ஃபாரட் ஆகியவை ஒவ்வொன்று. இவற்றோடு புள்ளித் துளையிட்ட பொதுப் பலகை, ஆறு பென்டார்ச் செல்கள், அவற்றைத் தாங்கும் கூடு. சதுரமான 9 வோல்ட் பேட்டரியும் பயன்படும். ஆனால் உரத்துப் பாடவிட்டால் விரைவில் இளைத்துவிடும். ஆறு செல்களைத் தொடராக இணைத்தால் அதே 9 வோல்ட் கிடைக்கும், நீண்ட நாள் உழைக்கவும் செய்யும். வீட்டு மின்சாரத்திலிருந்து நேரே இயக்கும் முயற்சி முதற்பெருக்கியில் வேண்டா. 230 வோல்ட் மாற்று மின்சாரம் பிழை செய்தவரை மன்னிப்பதில்லை, மின்கலம் மன்னிக்கும்.

வால்யூம் கண்ட்ரோலில் லாக், லீனியர் என இருவகை உண்டு. லாக் வகையைக் கேட்டு வாங்குவது நன்று. நம் செவி ஒலியைக் கூட்டற்கணக்காக உணர்வதில்லை. ஒரு குரல் இருமடங்கு உரத்துக் கேட்பதாகத் தோன்ற, ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. லீனியர் வகையைப் பொருத்தினால் முதற் கால் திருகிலேயே ஓசை உச்சத்தை எட்டியதாகத் தோன்றும். மீதித் திருகல் வீணாகும்.

இணைக்கும் முறை

ஐ.சி.யின் ஒரு முனையில் சிறு பிறைவெட்டு இருக்கும். அதனை மேற்புறமாக வைத்து நோக்கினால் இடப்பக்க மேல்மூலையில் இருப்பது முதற்கால். அங்கிருந்து கீழ்நோக்கி நான்கு வரை எண்ணி, வலப்பக்கத்தில் கீழிருந்து மேலாக ஐந்து முதல் எட்டு வரை எண்ண வேண்டும். ஏறுகோடன்று, இறுகோடன்று, வட்டம் சுற்றி வருவது. நம் மாணவர் இருவர் வலப்பக்கத்தையும் மேலிருந்து எண்ணி, மின்கலத்தை வேண்டாத காலில் இணைத்து ஓர் ஐ.சி.யை இழந்தனர்.

இரண்டாங் காலும் நான்காங் காலும் தரைக்கம்பிக்கு, அதாவது மின்கலத்தின் எதிர்முனைக்குச் செல்லும். ஆறாங் காலுக்கு நேர்முனை. கைப்பேசியிலிருந்து வரும் கம்பி வால்யூம் கண்ட்ரோலின் ஒரு கடைக்காலில் சேரும், மறு கடைக்கால் தரைக்கு, நடுக்கால் ஐ.சி.யின் மூன்றாங் காலுக்கு. இயர்போன் செருகியில் இடம், வலம் என இரு வழிகள் உண்டு. அவற்றை நேரே முறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொணர்ந்து, பின்னர் ஒன்றுசேர்க்க வேண்டும். இல்லையேல் கைப்பேசியின் இரு வழிகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

ஐந்தாங் கால் வெளிவாயில். இதிலிருந்து 220 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் வழியாகவே ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டும். மின்தேக்கியின் நேர்முனை ஐ.சி. பக்கம் இருத்தல் இன்றியமையாதது. இம்மின்தேக்கி ஏன்? அலை மேலும் கீழும் இடம்பெறுமாறு, ஐந்தாங் கால் எப்போதும் மின்கல அழுத்தத்தின் பாதியில், அதாவது 4.5 வோல்ட்டில் நிற்கிறது. அதனை நேரே 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், பாட்டு இல்லாத போதும் அரை ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் ஓயாது பாய முயலும், கம்பிச்சுருளும் ஐ.சி.யும் சூடேறும். மின்தேக்கி நிலையான அழுத்தத்தைத் தடுத்து, ஏறி இறங்கும் அலையை மட்டும் விடுகிறது. எல்லா அலையையும் சமமாக விடுவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். 220 மைக்ரோ ஃபாரட்டும் 8 ஓமும் சேர்ந்தால் ஏறத்தாழ 90 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஓசை தேயத் தொடங்கும். 470 மைக்ரோ ஃபாரட் இட்டால் அவ்வெல்லை 42 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். பறையோசைக்கு அது பயன்படும். பெண்குரலுக்கு முந்தையதே போதும்.

ஐந்தாங் காலிலிருந்தே மற்றொரு கிளையாக 0.047 மைக்ரோ ஃபாரட்டும் 10 ஓமும் தொடராக இணைந்து தரைக்குச் செல்லும். ஸ்பீக்கர் ஒரு கம்பிச்சுருள் ஆதலின், செவிக்கு எட்டாத மிகையதிர்வெண்ணில் அதன் எதிர்ப்பு உயர்ந்து, பெருக்கி நிலைகுலைந்து தானே அதிரக்கூடும். இக்கிளை அதற்குக் கடிவாளம். ஏழாங் காலிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட் தரைக்கு. நேர்முனை ஏழின் பக்கம். மின்வழங்கியில் உள்ள இரைச்சல் பெருக்கியில் நுழைவதை இது தணிக்கும். ஆறாங் காலுக்கும் தரைக்கும் இடையே 100 மைக்ரோ ஃபாரட்.

இந்தக் கடைசி மின்தேக்கியை நாம் முதலில் வீண் செலவென்று கருதினோம். நேர்முனையையும் எதிர்முனையையும் வெறுமனே இணைத்து நிற்கும் அதனால் என்ன பயன் என்று கழற்றியும் வைத்தோம். புதிய செல்கள் இருந்தவரை ஒன்றும் நேரவில்லை. சில வாரங்களில், தாலாட்டின் உரத்த இடம் வரும்போதெல்லாம் விசைப்படகு ஓடுவதைப் போன்ற டப்-டப் ஓசை எழுந்தது. ஸ்பீக்கர் பழுதென்று முடிவு கட்டி வேறு ஸ்பீக்கர் வாங்கினோம். ஒலிபெருக்கி என்ற பெயர் நம்மை அப்பக்கமே இழுத்தது. புதியதிலும் அதே படகு ஓடியது. பழைய செல்களின் உள்தடை உயர்ந்துவிடுகிறது. உரத்த அலை ஒன்று வரும்போது அவற்றின் அழுத்தம் சரிகிறது. அச்சரிவு மீண்டும் உள்ளே புகுந்து சுழல்கிறது. மின்தேக்கி, வாய்க்கால் தலைப்பில் வெட்டிய சிறு குட்டையைப் போல, திடீர்த் தேவைக்கு நீர் கொடுத்து அச்சுழலை முறிக்கிறது. ஒரு சிறு கண்டன்சரைப் பொருத்தியவுடன் படகு நின்றது.

பற்றவைக்கும் போது 25 வாட் அளவுள்ள சால்டரிங் அயன் போதும். ஈயத்தை அயன் முனையில் உருக்கிச் சொட்டவிடுதல் தவறு. காலையும் செம்புப் புள்ளியையும் அயனால் சூடாக்கி, அவ்விடத்தில் ஈயத்தைத் தொட்டால் அது தானே பரவிப் பளபளக்கும். மங்கலாக உருண்டு நிற்கும் ஈயம் பற்றவில்லை என்று பொருள். சாக்கெட்டை மட்டும் பற்றவைத்து, ஐ.சி.யை இறுதியில் செருகுக.

முதல் ஓசை

ஐ.சி.யைச் செருகுமுன் சாக்கெட்டின் ஆறுக்கும் நான்குக்கும் இடையே மல்டிமீட்டரில் 9 வோல்ட் தெரிகிறதா என்று காண்க. பின்னர் மின்கலத்தைக் கழற்றி, ஐ.சி.யைச் செருகி, மீண்டும் இணைத்து ஐந்தாங் காலை அளக்க வேண்டும். 4.5 வோல்ட் அளவில் இருந்தால் பாதி வெற்றி. பூச்சியமோ 9 வோல்ட்டோ காட்டினால் உடனே மின்கலத்தை நீக்கி இணைப்புகளைச் சரிபார்க்க. வால்யூமைச் சற்றே ஏற்றி உள்வாயிலை விரலால் தொட்டால் உர்ர் என்னும் ஓசை கேட்கும். அறையெங்கும் பரவியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலை நம் உடல் வாங்கித் தருவதே அவ்வோசை. அதனைக் கேட்டு நம் மாணவர் கைதட்டினர்.

ஒன்றாங் காலையும் எட்டாங் காலையும் ஒன்றும் செய்யாது விட்டால் இப்பெருக்கி உள்வரும் அலையை 20 மடங்காக்கும். அவற்றுக்கிடையே 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால் 200 மடங்கு. ஆசை யாரை விட்டது? நாம் 200ஐத் தேர்ந்தோம். வந்தது தாலாட்டன்று, தகரத்தைச் சுரண்டும் ஓசை. காரணம் எளிது. 9 வோல்ட்டில் இயங்கும் பெருக்கியின் வெளியலை நடுநிலையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை வோல்ட் மேலேயும் அவ்வளவே கீழேயும் செல்ல இயலும். 20 மடங்கில், உள்ளே வரும் அலையின் முகடு 0.17 வோல்ட் ஆகும்போதே அவ்வெல்லை எட்டப்படுகிறது. 200 மடங்கில் 0.017 வோல்ட்டிலேயே. அதற்கு மேல் வரும் முகடுகள், கூரை இடித்த கோபுரக் கலசம் போல மொட்டையாக வெட்டுண்டு போகும். வெட்டுண்ட அலை உவமை பிழைத்த அலை. பாட்டியார் இழுத்துப் பாடிய இடங்களெல்லாம், எங்கே குரல் சற்று நடுங்கியதோ அவ்விடங்களெல்லாம், முதலில் வெட்டுண்டன. மின்தேக்கியை நீக்கி, வால்யூமைப் பாதிக்குக் குறைத்தோம். பாடல் தெளிந்தது, இரு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. பேத்தியார் அம்மூச்சைக் கேட்டபின் தலையை நிமிர்த்தவில்லை. வகுப்பும் சற்று நேரம் பேசவில்லை.

இத்தகைய பெருக்கியின் ஆற்றல் 9 வோல்ட்டில், நாம் வாங்கிய வகை ஐ.சி.யில், முக்கால் வாட்டுக்கும் சற்றுக் குறைவு. முக்கால் வாட்டா என்று நகைப்பாரும் உளர். கடைகளில் டேப் ரிக்கார்டர்கள் விற்ற காலத்தில் பெட்டியின் மேல் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பி.எம்.பி.ஓ. கணக்கில் அச்சிட்டிருந்ததை நாம் கண்டிருக்கிறோம். கண்ணிமைக்கும் பொழுதிற்கும் குறைவான நேரத்தில் கற்பனையாக எழக்கூடிய உச்சத்தைக் கணக்கிட்டு எழுதியவை அவை. அப்பெட்டிகளின் பின்புறம், அவை வாங்கும் மின்சாரம் இருபது, முப்பது வாட் என்று சிற்றெழுத்தில் இருக்கும். வாங்குவதைவிட மிகுதியாக ஓயாது கொடுக்கும் பொருள் உலகில் இல்லை. வகுப்பறையின் அமைதிக்கு முக்கால் வாட் போதும். விசிறியை நிறுத்தினால் அதிற்பாதியும் போதும்.

ஸ்பீக்கரைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தால் ஒலி வற்றிப் போகும். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்து, தாழ்ந்த ஓசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அறிவியலுக்கு உடன்பட்ட வழக்கமே அது. ஆயினும் பானைக்கென்று ஒரு குரல் உண்டு. எதனைப் பாடவிட்டாலும் தன் கும்மென்ற ஓசையை அது சேர்த்தே தரும். திரைப்பாட்டுக்கு அஃது அழகாக இருந்தது. தாலாட்டுக்குப் பொருந்தவில்லை. பழைய மரப்பெட்டி ஒன்றில் வட்டத் துளையிட்டு, உள்ளே சிறிது பஞ்சு வைத்து, ஸ்பீக்கரை அதில் மாற்றினோம். இப்போது துறை அலமாரியின் மேல் இருப்பது அப்பெட்டியே. பயன்படுத்தியபின் செல்களைக் கழற்றி வைக்குமாறு அதன்மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம்; கழற்றாமல் விட்டால் அவை கசிந்து கூட்டின் கம்பிகளை அரித்துவிடும்.